பனங்காட்டு நரி எதுக்குச் சலசலப்புக்கு அஞ்சணும்?

வண்ணாரப்பேட்டைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். பதினெட்டு வருஷமாகச் சென்னையில் இருக்கிறேன், பிறந்து வளர்ந்தது திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை. போன வாரம் மகளிடம் (ஆறாம் வகுப்பு) வசமாக மாட்டிக்கொண்டேன். மாடி வீட்டுப் பையன் அவளை ஏதோ மிரட்டினானாம். "பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சாதுன்னு சொல்லிட்டு வா" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டேன். அவள் போகவில்லை, அங்கேயே நின்று கேட்கிறாள்: "பனங்காட்டுல என்ன சலசலப்பு? மரம் சத்தம் போடுமா? அதுக்கு நரி ஏன்ப்பா பயப்படணும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டு இருக்கிற வார்த்தை, ஆனால் நானும் டவுன்காரன்தானே, பனைமரத்தை நாகர்கோவில் பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி.

அப்புறம்தான் எங்க ஆச்சி ஞாபகம் வந்தது. ஆச்சி பேச்சில் மனுஷரைவிட ஆடு, மாடு, நாய், நரிதான் அதிகம். பரீட்சை முடிவு வருகிற அன்றைக்கு மாமா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தால் "ஏம்ல குட்டி போட்ட பூன மாரி அலையுத?" நான் தெருச் சண்டை ஒன்றில் நாட்டாமை செய்யப் போய் அடி வாங்கி வந்தபோது, மஞ்சளை இழைத்துக்கொண்டே, "வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுட்டு, இப்பம் குத்துது கொடையுதுங்கான்" என்று என்னிடம் சொல்லாமல் அடுத்த வீட்டு அத்தையிடம் சொன்னாள். ஒரு நாள் முழுக்கச் சும்மா சுற்றிவிட்டுச் சாப்பிட மட்டும் அவசரமாக வந்தால் "நாய்க்கு வேலையுமில்ல, நிக்க நேரமுமில்ல." இதெல்லாம் போக, எனக்கென்றே ஒரு பட்டம் உண்டு, "ஆக்கங்கெட்ட கூவை". இந்தக் கூவை என்ன ஜந்து என்று இன்று வரை தெரியாது.

கேள்வி இதுதான். நரி விஷயத்தை யாராவது பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள். கூவை யார் என்றும் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் புழங்கின மிருகப் பழமொழி இருந்தால் எழுதுங்கள், யார் யாரிடம் எப்போது சொன்னார்கள் என்பதோடு. நெட்டில் கிடைக்கிற "நூறு பழமொழிகள்" பட்டியல் வேண்டாம், அது என்னிடமே மூணு இருக்கிறது.

தேரிக்காட்டான்:

அண்ணாச்சி, நான் உடன்குடிப் பக்கம். இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் 1986 வரைக்கும் எல்லாம் ஒரே நெல்லைச் சீமைதான், அந்த உரிமையில் எழுதுகிறேன்.

பாப்பாவிடம் இப்படிச் சொல்லுங்கள். பனையில் மூத்த ஓலை காய்ந்து பழுத்துப்போனால் அதற்குக் காவோலை என்று பேர். ஆள் ஏறி வெட்டிவிடாத மரத்தில் அது விழாமல் கழுத்தைச் சுற்றிப் பாவாடை கட்டின மாதிரி தொங்கிக்கொண்டே இருக்கும். ஓலை தோல் மாதிரி விறைப்பு, மட்டையின் ரெண்டு ஓரமும் கருக்கு, அதாவது ரம்பப் பல். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக மேல்காற்று திறந்துவிட்ட மாதிரி வரும் (பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் அத்தனை காற்றாலை நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான்). அந்தக் காற்றில் நூறு மரத்துக் காவோலையும் ஒன்றோடு ஒன்று உரசினால், தகரக் கூரையில் சரளைக் கல்லை அள்ளி அள்ளிக் கொட்டுகிற சத்தம். விடாமல், ராத்திரி பூராவும். நடுவில் ஒரு ஓலை கழன்று வந்து தரையில் "சரக்"கென்று அடிக்கும் பாருங்கள், வெளியூர் ஆள் எழுந்து உட்கார்ந்துவிடுவார். என் மச்சினன் மதுரைக்காரன், கல்யாணம் ஆன புதிதில் எங்கள் விளையில் (பனை நிற்கிற தோட்டம்) ஒரு ராத்திரி படுத்தான். விடிய விடிய டார்ச் லைட் எரிந்தது.

நரி அங்கேயே குட்டி போட்டு, உதிர்கிற பனம்பழத்தைத் தின்று, அந்தச் சத்தத்திலேயே தூங்கிப் பழகினது. அதனால்தான் அஞ்சாது. இதில் வீரம் ஒன்றும் கிடையாது, பழக்கம்தான். சுவரொட்டியில் மீசையை முறுக்கிக்கொண்டு இதைப் போடுகிறவர்கள் வேறு எதையோ நினைத்துக்கொண்டு போடுகிறார்கள்.

எங்க தாத்தா இதைச் சொன்ன இடம் எனக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது. வட்டிக்காரர் ஒருத்தர் மாசம் தவறாமல் வந்து திண்ணையில் நின்று கத்துவார். தாத்தா வெத்திலையின் நரம்பைக் கிள்ளி, பின்பக்கம் சுண்ணாம்பு தடவி, மடித்து வாயில் வைக்கிற வரைக்கும் தலையே தூக்க மாட்டார். வட்டிக்காரர் போன பிறகு ஆச்சி அழுவாள். "அழாத, பனங்காட்டு நரி சலசலப்புக்கு அஞ்சுமா" என்பார். எத்தனை வருஷமாக அதே கத்தலைக் கேட்டிருந்தால் ஒரு மனுஷனுக்கு அது வரும் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

பனையிலேயே இன்னும் ரெண்டு. "பன மரத்துல தேள் கொட்டுனா தென்ன மரத்துல நெறி கட்டுச்சாம்." காலில் அடிபட்டால் தொடை இடுக்கில் கழலை மாதிரி வீங்குமே, அதுதான் நெறி கட்டுவது. காய்ந்த மட்டை இடுக்கில் நிஜமாகவே தேள் இருக்கும், ஏறுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். சம்பந்தமே இல்லாத ஆள் "என்னைச் சொல்லிட்டான்" என்று குதித்தால் இதைச் சொல்லுவோம். இன்னொன்று எல்லாருக்கும் தெரிந்தது, காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. கனிந்த பழம் காற்று இல்லாமலே விழும், காக்காய்க்கு அதில் ஒரு பங்கும் கிடையாது.

பாளை மயினி:

சத்தத்தைப் படிக்கும்போதே தூக்கம் போச்சு தம்பி.

நான் ஒரே ஒரு பழமொழி சொல்கிறேன், ஏனென்றால் அது எனக்கு விளங்க ஏழு வருஷம் ஆனது. எனக்கும் என் நாத்தனாருக்கும் ஒரு நகை விஷயத்தில் பேச்சு நின்றுபோனது. ஆனால் அவளுக்கு என் மகன் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமை வருவாள், வாசலில் நின்றபடியே அவன் கையில் அல்வாப் பொட்டலத்தைக் கொடுத்து, கன்னத்தைக் கிள்ளிவிட்டு, என்னைப் பார்க்காமலே போவாள். வாழை இலையில் நெய் கசிந்து தாள் நனைந்து இருக்கும், நான் தொட மாட்டேன். மாமியார் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, "ஆடு பகையாம், குட்டி ஒறவாம்" என்றாள். ஆகா, பெற்ற மகளையே குத்திப் பேசுகிறாளே, நம்ம பக்கம் இருக்கிறாளே என்று நான் ஏழு வருஷம் சந்தோஷப்பட்டுக்கொண்டு இருந்தேன். ஒரு நாள் பாத்திரம் விளக்கும்போது திடீரென்று உறைத்தது, அதில் ஆடு நான்தான்!

மாமியார் இப்போது இல்லை. இருந்திருந்தால் நேரில் கேட்டிருப்பேன், "என்ன இருந்தாலும் உருப்படியா ஒரு பசு மாடுன்னாவது சொல்லியிருக்கக் கூடாதா"ன்னு.

அடுப்படிப் பக்கம் இன்னும் நிறைய ஓடும். கடைக்குப் போகிற சாக்கில் அம்மா வீட்டையும் எட்டிப் பார்த்துவிட்டு வந்தால் "ஆடு மேய்ச்ச மாதிரியும் ஆச்சு, அண்ணனுக்குப் பொண்ணு பாத்த மாதிரியும் ஆச்சு." ஓயாமல் தொணதொணக்கிற பிள்ளைக்கு "ஓட்டச் சட்டிக்குள்ள நண்ட விட்ட மாரி." சட்டிக்குள் நண்டு நகம் கீறுகிற அந்தச் சத்தம் கேட்டிருக்கிறீர்களா, பல் கூசும். என்றைக்கும் இல்லாமல் வீட்டுக்காரர் தானாகக் காய்கறி நறுக்க வந்து உட்கார்ந்தால், "எலி எதுக்கு அம்மணமா ஓடுது?" இதை அவர் முன்னால் சொல்லக் கூடாது, அடுத்த நாள் நறுக்க வர மாட்டார்.

நாலும் தெரிஞ்சவன்:

நீங்கள் எல்லாரும் பேசுவது திரிந்துபோன பழமொழிகள். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பது தவறு, "கழு தைக்கத் தெரியுமாம் கற்பூர வாசனை" என்பதே சரி, கழு என்பது பாய் முடைகிற ஒரு வகைக் கோரை. ஆனைக்கு ஒரு காலம் பூனைக்கு ஒரு காலம் அல்ல, ஆ நெய்க்கு ஒரு காலம், பூ நெய்க்கு ஒரு காலம், அதாவது பசு நெய், தேன். மண் குதிரை அல்ல மண் குதிர், ஆற்று மணல் திட்டு. கல்லைக் கண்டால் நாயைக் காணோம் அல்ல, நாயகனைக் காணோம். நம் முன்னோர் மிருகங்களை வைத்து இவ்வளவு மட்டமாகப் பேசியிருக்க மாட்டார்கள்.

ஓய்வு வாத்தியார்:

கடைசி வரி ஒன்று எழுதினீர்கள் பாருங்கள் தம்பி, அதில்தான் எனக்குச் சண்டை.

மட்டமாகப் பேசியிருக்க மாட்டார்களா? பழமொழி நானூறு என்று ஒரு நூல், பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்று, முன்றுறை அரையனார் பாடியது. ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பழமொழி வரும். அதில் நாய் பெற்ற தெங்கம்பழம் இருக்கிறது. முழுத் தேங்காய் கிடைத்த நாய், தின்னவும் முடியாது, அடுத்தவருக்கு விடவும் மனசு வராது, உருட்டிக்கொண்டே திரியும். நுணலும் தன் வாயால் கெடும் என்பதும் அதில்தான். மணலுக்குள் புதைந்து சுகமாகக் கிடந்த தவளை கத்திக் காட்டிக்கொடுத்துக்கொண்டது. பாம்பறியும் பாம்பின கால் என்பதும் அதே நூல். நாயும் தவளையும் பாம்பும் அவருக்குக் கூசவில்லை, நமக்கு என்ன வந்தது?

மண் குதிர் கதைக்கு வருவோம். நான் சேரன்மாதேவியில் தாமிரபரணி ஓரத்தில் வளர்ந்தவன். ஆற்றுக்குள் இருக்கிற மேட்டை மணல் திட்டு என்போம், திட்டு என்போம். குதிர் என்று ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்லை. எங்களுக்குக் குதிர் என்றால் வீட்டுக்குள் நெல் கொட்டி வைக்கிற மண் கூடு, "எங்கப்பன் குதிருக்குள்ள இல்ல" என்ற குதிர். சரி, மண் குதிரை எங்கே இருக்கிறது என்று கேட்டால், பங்குனி உத்திரத்துக்குக் குடும்பத்தோடு சாஸ்தா கோயிலுக்குப் போகிறோமே, அங்கே மரத்தடியில் நேர்ச்சைக்கு வைத்த குதிரைகள் நிற்கவில்லையா? ஒன்றுக்குக் காது இல்லை, இன்னொன்றுக்கு முன்னங்கால் உடைந்து உள்ளே வைக்கோல் அச்சு தெரியும், மூக்கில் பல்லி முட்டை. வருஷா வருஷம் அதைப் பார்க்கிறவனுக்கு அதன் மேல் ஏறி ஆற்றில் இறங்கினால் என்ன ஆகும் என்று தனியாகச் சொல்ல வேண்டாம். ஆனைக்கும் பூனைக்கும் உள்ள அழகு, ஒன்று அவ்வளவு பெரிசு, மற்றது இவ்வளவு சிறிசு என்பதில் இருக்கிறது. நெய்யையும் தேனையும் வைத்தால் அது வைத்தியக் குறிப்பு, பழமொழி அல்ல.

கழுவும் கோரையும் பற்றி உங்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன், சொற்பொருள் ஆயிரம் இருக்கலாம். ஆனால் கிராமத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன ஒருத்தர் மனதிலும் பாய் இருந்ததில்லை, கழுதைதான் இருந்தது.

வண்ணாரப்பேட்டைத் தம்பிக்கு: கூவை என்பது கூகை, ஆந்தையில் பெரிய வகை. "பகல்வெல்லும் கூகையைக் காக்கை" என்று 481-வது குறளில் வருகிற அதே பறவை. பகலில் கண் கூசி, காக்காய்க் கூட்டத்திடம் கொத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். ஆக்கங்கெட்டது என்றால் பொருத்தம்தானே.

களக்காட்டு வாழை:

சார்வாள் மன்னிக்கணும். எங்க பக்கம் கூவை என்றால் கிழங்கு. அதை அரைத்து, மாவைத் தண்ணீரில் தெளிய வைத்து, காயப்போட்டு, பிள்ளைகளுக்கு வயிற்றுக் கடுப்பு வந்தால் கஞ்சி காய்ச்சுவார்கள். எங்க அம்மா திட்டும்போது நான் கிழங்கைத்தான் நினைத்துக்கொண்டு இருந்தேன், மண்ணுக்குள்ளேயே கிடக்கிற உருப்படாத பயல் என்று. ஆந்தை என்று தெரிந்திருந்தால் கொஞ்சம் பெருமையாக இருந்திருக்கும்.

நான் சொல்ல வந்தது வேற. "எருது நோவு காக்கைக்குத் தெரியுமா" என்று ஒன்று உண்டு, எல்லாரும் சொல்வதுதான், நான் அதைக் கண்ணால் பார்த்தேன். அப்பாவிடம் ஒரு ஜோடி உழவு மாடு இருந்தது. பிசான நெல் நடவுக்கு முன்னால் தொடர்ந்து தொளி (சேறு) உழுததில் வலத்து மாட்டுக்கு நுகத்தடி பட்டுப் பட்டுக் கழுத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புண். சாயங்காலம் அவிழ்த்து வரப்பில் விட்டால் ஒரு காக்கா வந்து நேராகத் திமிலில் உட்காரும். உண்ணி பொறுக்க வருகிறது என்றுதான் நினைத்தேன். அது தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துவிட்டுப் புண்ணில் ஒரு கொத்து. மாடு தோலை மட்டும் சிலிர்க்கும், வால் அவ்வளவு தூரம் எட்டாது. அப்பா வேப்பெண்ணெய்த் துணியோடு வந்து காக்காயை விரட்டிவிட்டு, புண்ணைத் துடைத்துக்கொண்டே, கூலியைக் குறைத்துக் கொடுத்த பண்ணையாரைப் பற்றி அந்தப் பழமொழியைச் சொன்னார். எந்தப் பண்ணையார் என்று எழுத மாட்டேன், அவர் பேரன் எனக்கு நண்பன்.

இப்போது டிராக்டர். புண்ணும் இல்லை, எருதும் இல்லை. வார்த்தையை மட்டும் என் மகன் கட்டுரையில் எழுதி மார்க் வாங்குகிறான்.

அப்புறம், குரங்கு கையில் பூமாலை என்பதை எங்க ஊரில் யாரும் சொல்வதில்லை. மலையடிவாரம், புலிகள் காப்பகத்தை ஒட்டித் தோட்டம். குரங்கு கையில் பூமாலையா கிடைக்கிறது, வாழைத் தாரே கிடைக்கிறது. மிச்சத்தைப் பன்றி பார்த்துக்கொள்ளும்.

மேலப்பாளையம் சந்தை:

"தானம் குடுத்த மாட்டப் பல்லப் பிடிச்சுப் பாத்தானாம்." இதைச் சொல்கிறவர்களில் பாதிப் பேருக்குப் பல்லில் என்ன பார்ப்பது என்று தெரியாது. மாட்டுக்கு மேல்வாயின் முன்பக்கத்தில் பல்லே கிடையாது, கீழே எட்டு. பால் பல் விழுந்து ஜோடி ஜோடியாக நிலைப் பல் வரும். ரெண்டு பல் போட்டால் ரெண்டு வயசு சுமார், எட்டும் போட்டுவிட்டால் நாலு, அஞ்சு. அதுக்கு மேல் தேய்மானத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சும்மா கிடைத்த மாட்டுக்கும் வயசு பார்க்கிறவன் எப்பேர்ப்பட்ட கஞ்சன் என்பதுதான் விஷயம். ஆனால் தொழில்காரனாகச் சொல்கிறேன், நான் தானமாக வந்தாலும் பார்ப்பேன். தீவனம் யார் வாங்குவது?

செவ்வாய்க்கிழமை ஆட்டுச் சந்தைக்கு வந்து ஒரு மணி நேரம் சும்மா நில்லுங்கள். இந்த மாதிரி அம்பது காதில் விழும், பாதியை இங்கே எழுத முடியாது.

வண்ணாரப்பேட்டைக்காரன்:

எல்லாருக்கும் நன்றி. மயினி, ஆடு கதையை என் வீட்டுக்காரியிடம் வாசித்துக் காட்டினேன், அவள் சிரிக்கவில்லை, யோசிக்கிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.

வாத்தியார் ஆனையைத் தொட்டதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் ஆச்சி என்னை நெல்லையப்பர் கோயிலுக்குக் கூட்டிப் போனால் முதலில் காந்திமதி ஆனையிடம்தான் நிற்போம். ஓலையைத் தும்பிக்கையால் காலில் தட்டி மண்ணை உதறி, அப்படியே ஆடி ஆடித் தின்னும். பிறகு நான் சென்னையில் வீடு வாங்கக் கடன் போட்டபோது ஆச்சி போனில் சொன்னாள்: "ஆன அசஞ்சு திங்கும்ல, வீடு அசையாம திங்கும். பாத்துக்கோ." மாசம் அஞ்சாம் தேதி தவணை போகும்போதெல்லாம் அந்த ஆனைதான் கண்ணில் வரும். 2025 ஜனவரியில் காந்திமதி இறந்த செய்தியை ஆபீஸில் உட்கார்ந்து பார்த்தேன். ஆச்சி அதற்கு முன்னாடியே போய்விட்டாள்.

கூவை ஆந்தையா கிழங்கா என்பதை நீங்கள் ரெண்டு பேரும் பேசி முடிவு செய்யுங்கள், பட்டம் எப்படியும் எனக்குத்தான். தேரிக்காட்டு அண்ணாச்சி, ஒரு உதவி. பாப்பாவுக்கு நீங்கள் எழுதினதை வாசித்துக் காட்டினேன். "தகரத்துல கல்லுன்னா எப்படி?" என்கிறாள். எங்கள் அபார்ட்மெண்டில் தகரமும் இல்லை.

தேரிக்காட்டான்:

இதென்ன பெரிய விஷயம், இப்போது காற்றுக் காலம்தானே. நேற்று ராத்திரி பத்து மணிக்கு விளையில் நின்று போனில் ரெண்டு நிமிஷம் பதிந்து போட்டிருக்கிறேன், கீழே இருக்கிறது. இடையில் வருகிற டப் டப் சத்தம் என் புல்லட். கடைசியில் "சரக்" என்று ஒன்று கேட்கும், அது ஓலை. அதுக்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்கும், அது நான் பயந்துபோய்ச் சொன்னது, பாப்பா கேட்காமல் நிறுத்திவிடுங்கள்.

வண்ணாரப்பேட்டைக்காரன்:

அண்ணாச்சி, போட்டுக் காட்டினேன். நிறுத்தவும் மறந்துவிட்டேன், அந்த வார்த்தை இப்போது வீட்டில் புழக்கத்தில் இருக்கிறது.

கண்ணை மூடிக்கொண்டு ரெண்டு தடவை கேட்டாள். "யாரோ பெரிய சிப்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றாள். "இதுக்கு யாராவது பயப்படுவாங்களா, கிட்ட ஓடித்தானே வருவாங்க?"